2,400 கிராஃப்ட், 9 மணி நேரம்: சென்னையில் ஒரு முடி நடவு நிலையம் பற்றிய மதிப்புரை

2024 ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்த வாரத்தில், சென்னையிலுள்ள ஒரு தனியார் நிலையத்தில் முடி மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். 14 மாதங்கள் கழித்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நட்ட முடி பிடித்ததா, எவ்வளவு பிடித்தது என்பது ஓராண்டு ஆகாமல் தெரியாது. எனவே சிகிச்சை முடிந்த மூன்றாம் நாளே தலைக்கட்டோடு நின்று ஐந்து நட்சத்திரம் கொடுப்பவர்களின் சொல்லை நான் பொருட்படுத்துவதில்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முடி நன்றாகவே வளர்ந்திருக்கிறது, இருந்தும் அந்த நிலையத்துக்குப் போகும்படி என் வீட்டார் எவரிடமும் சொல்ல மாட்டேன். இந்த இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கின்றன என்பதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

எனக்கு இப்போது வயது 37. தணிக்கையாளர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். 27 வயதில் நெற்றியின் இரு ஓரங்களும் மேலே ஏறத் தொடங்கின. 33 வயதில் முன்னந்தலையில் விளக்கொளி பட்டால் தோல் மின்னியது. அப்பாவுக்கும் தாய்மாமாவுக்கும் அப்படித்தான் என்பதால் வீட்டில் யாரும் அதிர்ச்சி அடையவில்லை. அதிர்ச்சியெல்லாம் எனக்குத்தான். பெண் பார்த்த ஓர் இடத்தில், பத்துப் பொருத்தத்தில் எட்டு இருப்பதாக அவர்களுடைய ஜோதிடரே முதல் வாரம் சொல்லியிருந்தார். என் புதிய புகைப்படம் போன பிறகு ஜாதகம் பொருந்தவில்லை என்று சேதி வந்தது. அலுவலகக் கூட்டங்கள் காணொளிக்கு மாறிய நாளிலிருந்து, நாள்தோறும் மூன்று மணி நேரம் என் நெற்றியை நானே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. கண்ணாடி முன்னால் யாரும் அவ்வளவு நேரம் நிற்பதில்லை. அழகுக்காக அறுவை செய்துகொள்பவர்களை வீண் ஆடம்பரக்காரர்கள் என்று ஏசுவது எளிது. நானும் ஒரு காலத்தில் ஏசியவன்தான்.

இந்த ஏச்சுக்கு நம் மாநிலத்திலேயே ஒரு பதில் உண்டு. 2018-ல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகுச் சீரமைப்பு அறுவையை இலவசமாகச் செய்யத் தொடங்கியபோது, மக்கள் வரிப்பணத்தில் இது தேவையா என்று பலர் கேட்டார்கள். அழகுச் சிகிச்சை ஏழைகளுக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்பதும், கடன் வாங்கித் தனியாரிடம் போய் அவர்கள் சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதும் அன்று அரசுத் தரப்பில் சொல்லப்பட்ட நியாயம். எனக்கு அந்த நியாயத்தின் இரண்டாம் பாதிதான் அழுத்தமாகப் பட்டது. ஆசையைத் தடுக்க முடியாது. அது எங்கே போய் நிற்கிறது, யார் கையில் சிக்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சிகிச்சையின் அடிப்படை மிக எளிமையானது. பின்மண்டையிலும் காதுகளுக்கு மேலும் உள்ள முடிக்கு உதிராத குணம் உண்டு. அதை வேரோடு எடுத்து முன்னால் நட்டாலும் அந்தக் குணத்தை அது விடுவதில்லை. நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1950-களில் இதைக் கண்டறிந்து நிறுவியதிலிருந்து இன்றுவரை இந்தத் தொழில் முழுவதும் இந்த ஓர் உண்மையின் மேல்தான் நிற்கிறது. இன்று பரவலாகச் செய்யப்படும் எஃப்.யூ.இ. முறையில், ஒரு மில்லிமீட்டர் அளவோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ உள்ள வட்டக் கத்தியால் ஒவ்வொரு வேர்க்கொத்தையும் தனித்தனியே வெட்டி எடுக்கிறார்கள். அதுதான் கிராஃப்ட். ஒரு கிராஃப்டில் ஒன்று முதல் நான்கு முடிகள் இருக்கலாம். இயற்கையான தலையில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 80 முதல் 100 கொத்துகள்; நடும்போது 35 முதல் 45 வரை வைத்தாலே கண்ணுக்கு நிறைவாகத் தெரியும்.

இதில் புதிய முடி எதுவும் உண்டாவதில்லை. பின்னால் இருந்த முடி முன்னால் வருகிறது, அவ்வளவே. பின்மண்டை என்பது ஒரு வைப்புக்கணக்கு. எடுத்த தொகை திரும்ப வராது. வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து எடுக்கக்கூடியது பெரும்பாலானோருக்குச் சில ஆயிரம் கிராஃப்டுகள்தான். இந்த ஒரே செய்தியை எனக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள், நான் ஏறி இறங்கிய மூன்று நிலையங்களிலும் வேறு எல்லாவற்றையும் சொன்னார்கள்.

முதல் நிலையத்தில் என்னைப் பார்த்தவர் மருத்துவர் இல்லை; கவுன்சலர் என்று பெயர்ப் பட்டை அணிந்த ஒரு பெண். பேச்சுவாக்கில், முன்பு அடுக்குமாடி வீடு விற்கும் நிறுவனத்தில் இருந்ததாகச் சொன்னார். அவருடைய திறமையைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு சிறு கேமராவை என் தலையில் வைத்து, திரையில் உச்சந்தலையைத் தரிசு நிலம்போல் பெரிதாக்கிக் காட்டிவிட்டு, "இன்னும் ரெண்டு வருஷம் விட்டா டாக்டராலயும் ஒண்ணும் பண்ண முடியாது சார்" என்றார். பிறகு, அன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றும், வட்டியில்லா மாதத் தவணை உண்டு என்றும் ஒரு தாளை நீட்டினார். ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா, மயக்கவியல் மருத்துவர் இருப்பாரா என்று கேட்டேன். "அதெல்லாம் பெரிய ஆபரேஷனுக்கு சார்" என்பது பதில். எழுந்து வந்துவிட்டேன். இரண்டாம் நிலையம் அதன் நகல், எழுத ஒன்றுமில்லை.

நான் அந்தக் கேள்வியைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. 2016 மே மாதத்தில், சென்னையில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த 22 வயது மாணவர் ஒருவர் முடி மாற்று சிகிச்சைக்குப் பிறகு இறந்தார். மயக்க மருந்து கொடுத்த மருத்துவர் பாதியிலேயே போய்விட்டார் என்பதும், அந்த இடத்துக்கு அழகு நிலைய உரிமம் மட்டுமே இருந்தது என்பதும் அப்போது நாளிதழ்களில் வந்தன. அதிகாரிகள் அதைப் பூட்டி முத்திரையிட்டார்கள். மருத்துவம் படித்தவனுக்கே ஏமாற்றத்தை இனம் காண முடியவில்லை என்று என் அம்மா அன்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. 2019-ல் மும்பையில் 43 வயதுத் தொழிலதிபர் ஒருவர் ஒரே அமர்வில் 9,000-க்கும் மேற்பட்ட கிராஃப்டுகள் நட்டுக்கொண்டு, அடுத்த நாட்களில் ஒவ்வாமையால் இறந்ததாகச் செய்தி வந்தது. முடிக்கு மட்டும் வந்த ஆபத்து என்றும் இதை நினைக்க வேண்டாம். 2022 மே மாதத்தில் பெங்களூருவில் 21 வயதுச் சின்னத்திரை நடிகை ஒருவர் கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் போய் உயிரிழந்தார்.

உணர்விழக்கச் செய்யும் லிடோகெயின் மருந்தைப் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. பல் பிடுங்கப் போடுகிற அதே ஊசிதானே என்கிறார்கள். பல்லுக்கு இரண்டு மில்லிலிட்டர் போதும். தலை முழுவதற்கும் அது பல மடங்கு தேவைப்படுகிறது. அட்ரினலின் கலந்து கொடுத்தாலும், உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் உச்ச வரம்பு. 70 கிலோ ஆளுக்கு 490 மில்லிகிராம். இரண்டு விழுக்காடு செறிவுள்ள 30 மில்லி குப்பி ஒன்றில் 600 மில்லிகிராம் இருக்கிறது. குப்பியை நீர்க்கச் செய்யாமல், கணக்கும் வைக்காமல் ஒருவர் ஏற்றிக்கொண்டே போனால், உதடு மரத்து, காதில் ரீங்காரம் கேட்டு, வலிப்பு வந்து, இதயம் நின்றுபோகவும் கூடும். அந்த நேரத்தில் அறையில் இருப்பவர் யார் என்பது உயிருக்கான கேள்வி.

தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் அழகியல் சிகிச்சைகளுக்கும் முடி மாற்றுக்கும் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. உரிய பட்டமும் முறையான பயிற்சியும் பெற்ற மருத்துவர்களே இதைச் செய்ய வேண்டும் என்றும், யூடியூப் காணொளி பார்த்தும் பட்டறைகளில் உட்கார்ந்தும் பெற்ற அறிவு பயிற்சியாகாது என்றும் அது சொன்னது. நாட்டின் மருத்துவத் துறைக்குத் தலைமையான அமைப்பு இதை எழுத்தில் சொல்ல வேண்டியிருந்தது என்பதிலிருந்தே நிலைமை விளங்கும்.

மூன்றாவது நிலையத்தை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அங்கே கேட்டவுடன் அவசர மருந்துகள் அடுக்கிய தள்ளுவண்டியையும் ஆக்சிஜனையும் இதய அதிர்வுக் கருவியையும் காட்டினார்கள்; தோல் மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்த மருத்துவர் ஒருவர் என்னோடு 20 நிமிடம் பேசினார். இரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி. எல்லாம் கேட்டார். உச்சந்தலைக்கு இப்போது நட வேண்டாம், முன்பக்கத்துக்கு மட்டும் 2,400 போதும் என்று அவரே குறைத்துச் சொன்னது என் நம்பிக்கையைச் சம்பாதித்தது. நெற்றிக்கோட்டை நான் கேட்டதைவிட ஒரு விரற்கடை மேலே வரைந்தார். "ஐம்பது வயசுலயும் உங்களுக்கு இது பொருந்தணும்" என்றார். அந்த ஆலோசனைக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன்.

ஆனால் அதே நாளில், அதே நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில் இன்னொன்றும் கண்டேன். எனக்குப் பக்கத்தில் 22, 23 வயது மதிக்கத்தக்க ஒரு பையன் தன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தான். முடி உதிரத் தொடங்கி ஓராண்டுதான் ஆகிறது என்றான். கவுன்சலர் அவனுக்கு வரைந்த நெற்றிக்கோடு பள்ளிப் பருவத்துப் புகைப்படத்தில் இருப்பதுபோல் தாழ்வாக இருந்தது. 3,500 கிராஃப்ட் என்று பேசி முடித்திருந்தார்கள். அந்த அம்மா மடியிலிருந்த மஞ்சள் பையை அவிழ்த்து, அடகுக்கடை ரசீது ஒன்றை ஒதுக்கிவிட்டுப் பணத்தை எண்ணினார். அந்த வயதில் வழுக்கை எதுவரை போகும் என்று எவராலும் சொல்ல முடியாது. முன்னால் நட்டது நிற்க, அதன் பின்னால் உள்ள சொந்த முடி உதிர்ந்துகொண்டே போனால், நெற்றியில் ஒரு வரப்பும் அதற்குப் பின்னால் வெற்று வயலுமாக அவன் தலை ஆகிவிடும். அப்போது நிரப்ப வைப்புக்கணக்கில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. எனக்கு இது அன்றே தெரியும். "அண்ணா, வலிக்குமா?" என்று அவன் என்னிடம் கேட்டான். ஊசி மட்டும் வலிக்குமாம் என்று சொன்னேன். வேறெதுவும் சொல்லவில்லை. மருத்துவர் எனக்குச் சொன்னதை அவனுக்குச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவன் மருத்துவரைப் பார்த்தானா என்றுகூட நான் கேட்கவில்லை.

சிகிச்சை நாளுக்கு வருகிறேன். காலை 8 மணிக்கு வரச் சொன்னார்கள். தலையை மழித்தார்கள், படம் எடுத்தார்கள், பதற்றம் குறைய என்று ஒரு சிறு மாத்திரை கொடுத்தார்கள். அதை விழுங்கி 15 நிமிடம் கழித்துத்தான் ஒப்புதல் படிவம் வந்தது: ஆறு பக்கம், பொடி எழுத்தில் ஆங்கிலம். தணிக்கைத் தொழிலில் இருப்பவன் படிக்காமல் கையெழுத்துப் போடுவது எவ்வளவு வெட்கக்கேடு என்பது எனக்குத் தெரியும். ஆனால் மாத்திரை அதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தது. நான்காம் பக்கத்தில், சிகிச்சையின் பகுதிகளைப் பயிற்சி பெற்ற உதவியாளர்கள் செய்யலாம் என்று ஒரு வரி இருந்ததை மூன்று நாள் கழித்து, முகம் வீங்கிக் கிடந்தபோது படித்தேன். ஒருவர் தெளிவாக இருக்கும்போது கொடுக்க வேண்டிய தாளை அரைமயக்கத்தில் கொடுப்பது சட்டத்துக்கு எப்படியோ, எனக்கு அது நேர்மைக் குறைவாகப் பட்டது. ஒப்புதல் படிவத்தைத் தமிழில், முந்தைய வாரமே கொடுப்பதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

முடி எடுக்கும்போது குப்புறப் படுக்க வேண்டும். முகம் புதைய நடுவில் துளையிட்ட தலையணை ஒன்று இருக்கிறது. அதன் வழியாகத் தரை மட்டும் தெரியும். அடுத்த மூன்றரை மணி நேரம் நான் கண்டதெல்லாம் கால்கள். டெக்னீஷியன்கள் இருவரும் நீல நிற ரப்பர் செருப்பு அணிந்திருந்தார்கள். மருத்துவர் பழுப்பு நிறத் தோல் காலணியோடு வந்தார். அறுவை அறைக்குள் அந்தக் காலணி எப்படி வந்தது என்பது அப்போதே உறுத்தியது. ஆயினும் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது அதுதான். பழுப்புக் காலணி ஊசிகளைப் போட்டது. முதல் கிராஃப்டுகளை எடுத்தது. 25 நிமிடத்தில் வெளியே போனது. பக்கத்து அறைக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அங்கே இன்னொருவர் என்னைப்போலவே குப்புறக் கிடந்தார் என்று பிறகு தெரிந்தது. அதன் பின் வட்டக் கத்தியைப் பிடித்தது நீலச் செருப்பு.

அந்த நீலச் செருப்புக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தென்மாவட்டத்துப் பையன், எட்டு ஆண்டுகளாக இதே வேலை. கை நடுங்கவில்லை. ஒவ்வொரு நூறுக்கும் உரக்க எண்ணிக்கை சொன்னார். "அண்ணா, மரப்பு விட்டுதுன்னா சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் எனக்குச் செய்த வேலை அந்த மருத்துவர் செய்திருக்கக்கூடியதைவிட நன்றாகவே இருந்திருக்கலாம். ஆனால் அவர் மருத்துவர் இல்லை. என் நாடி திடீரென்று சரிந்திருந்தால் அவர் ஓடிப் போய்ப் பக்கத்து அறைக் கதவைத்தான் தட்டியிருக்க வேண்டும். விளம்பரத்தில் அவர் படம் இல்லை, ரசீதில் அவர் பெயர் இல்லை.

மதியம் தயிர்சாதம் கொடுத்தார்கள். ஒரு மணிக்கு மருத்துவர் திரும்பி வந்து, முன்னந்தலையில் நடுவதற்கான கீறல்களை 40 நிமிடம் தன் கையால் போட்டார். முடி எந்தப் பக்கம் சாய வேண்டும், எவ்வளவு நெருக்கம் என்பதையெல்லாம் தீர்மானிப்பது இந்தக் கீறல்தான். இதை அவர் பொறுப்பாகச் செய்தார் என்பதற்கு இன்று என் நெற்றி சாட்சி. பிறகு மாலை 5 மணி வரை இரு டெக்னீஷியன்களும் குளிர்ந்த சலைனில் கிடந்த கிராஃப்டுகளை ஒவ்வொன்றாக நட்டார்கள். ஆக, 540 நிமிடத்தில் மருத்துவர் என்னோடு இருந்தது 65 நிமிடம், ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு.

இனி ரசீது. கிராஃப்ட் ஒன்றுக்கு 38 ரூபாய். விளம்பரப் பலகையில் 25 என்றிருந்தது, அது "முதல்" என்ற சொல்லோடு. 2,400-க்கு 91,200 ரூபாய்; அதன் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 16,416 ரூபாய், மொத்தம் 1,07,616. மருத்துவச் சேவைக்கு வரி இல்லையே என்று கேட்பவர்களுக்கு: பிறவிக் குறையையோ விபத்துக் காயத்தையோ சீராக்கும் அறுவைக்குத்தான் விலக்கு, முடி மாற்றும் அழகுக்கான அறுவையும் விலக்கிலிருந்து பெயர் சொல்லி நீக்கப்பட்டவை. சேவைகளை வகைப்படுத்தும் பட்டியலில் அழகுக்கான அறுவை, நகம் திருத்துவதோடு ஒரே தலைப்பின் கீழ் இருக்கிறது. மருத்துவக் காப்பீடும் இதைத் தொடாது. வரித் துறையின் கண்ணில் நான் போய்வந்தது அழகு நிலையம். ஊசியும் கத்தியும் இரத்தமும் மட்டும் மருத்துவமனையுடையவை. இந்த நடுவாந்திர இடத்தில்தான் இந்தத் தொழிலே குடியிருக்கிறது: விளம்பரம் செய்ய வேண்டும் என்றால் அது அழகு நிலையம், ஏனென்றால் மருத்துவர்கள் விளம்பரம் செய்வதை 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் தடுக்கின்றன, நம்பிக்கை ஊட்ட வேண்டும் என்றால் அது மருத்துவமனை, வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்.

எண்ணிக்கைச் சீட்டைக் கேட்டு வாங்கினேன். தயங்கினாலும் கொடுத்தார்கள். ஒற்றை முடி 520, இரட்டை 1,290, மும்முடி 590. கூட்டினால் 2,400, முடிக்கணக்கில் 4,870. இது சரியான சராசரி. சில இடங்களில் ஒரு கிராஃப்டை இரண்டாகப் பிளந்து எண்ணிக்கையைக் கூட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்; இங்கே அது நடக்கவில்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டியது கடமை.

வீட்டுக்கு வந்த பிறகு ஐந்து இரவு சாய்ந்த நிலையில் உறக்கம், அரைமணிக்கொரு முறை சலைன் தெளிப்பு. மூன்றாம் நாள் நெற்றி வீக்கம் கண்ணுக்கு இறங்கி, என் முகம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. பத்தாம் நாள் பொருக்கு உதிர்ந்தபின் வெளியே வந்தேன். தைப்பூச நேரம். கீழ்வீட்டுப் பெரியவர் என் மொட்டையைப் பார்த்து, "பழனியா, திருப்பதியா?" என்றார். பழனி என்று சொல்லிவிட்டேன். "பஞ்சாமிர்தம் எங்கே?" என்றார் அடுத்து. உண்மையிலேயே பாதயாத்திரை போய்வந்த நண்பனிடம் ஒரு டப்பா வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன். வேறெந்த நாட்டிலும் இந்தச் சிகிச்சையை இவ்வளவு சுலபமாக மறைக்க முடியாது என்று நினைக்கிறேன்.

நான்காம் வாரம் நட்ட முடியெல்லாம் கொட்டிவிடும். வேர் உள்ளே இருக்கும், பதற வேண்டாம். இதை முன்கூட்டியே சொன்னார்கள், நன்றி. சொல்லாமல் விட்டவையும் உண்டு. பின்மண்டை மூன்று மாதம் மரத்துக் கிடந்தது. தலையைக் குட்டையாக வெட்டினால் அங்கே வெண்புள்ளிகள் தெரிகின்றன. தழும்பே இராது என்ற விளம்பர வாசகம் பொய். இரண்டாம் மாதம் நட்ட இடத்தில் சீழ்க்கொப்புளங்கள் வந்தபோது அனுப்பிய படங்களுக்கு, சேர்க்கும்வரை நள்ளிரவிலும் பதில் எழுதிய கவுன்சலரிடமிருந்து இரண்டு நீலக் குறிகள் மட்டுமே வந்தன. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள தோல் மருத்துவர்தான் 400 ரூபாய் வாங்கிக்கொண்டு சரி செய்தார். இருக்கும் முடியைக் காக்க ஃபினாஸ்டெரைடு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அது முதலில் புரோஸ்டேட் வீக்கத்துக்கு வந்த மருந்து. வழுக்கைக்கென 1 மில்லிகிராம் அளவில் அமெரிக்காவில் 1997-ல் ஒப்புதல் பெற்றது. சிறு பங்கினருக்குப் பாலுணர்வுக் குறைவும் மனச்சோர்வும் வரக்கூடும் என்பது அதன் உறைச்சீட்டில் இருக்கிறது. அதை எழுதிக் கொடுத்த வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. திருமணத்துக்காக முடி நட வருபவரிடம் இதைச் சொல்லாமல் விடுவதை மறதி என்று ஏற்க எனக்குக் கடினமாக இருக்கிறது.

ஐந்தாம் மாதம் பரிசோதனைக்குப் போனேன். எனக்குக் கீறல் போட்ட மருத்துவர் நிலையத்தை விட்டுப் போயிருந்தார். புதியவர் என் கோப்பைப் புரட்டிவிட்டு, "நல்லா வந்திருக்கு" என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். நல்லாத்தான் வந்திருந்தது. எட்டாம் மாதம் சலூனில் முடி திருத்தியவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஓராண்டு முடிவில் என் கணிப்பில் பத்துக்கு எட்டரைப் பங்கு பிடித்திருக்கிறது. காணொளிக் கூட்டங்களில் இப்போது நான் நெற்றியைப் பார்ப்பதில்லை, பேசுபவரைப் பார்க்கிறேன். ஒரு லட்சத்து ஏழாயிரத்துக்கு அது கிடைத்தது என்றால், விலை அதிகம் என்று சொல்ல மாட்டேன்.

ஓராண்டு நிறைவுப் படம் எடுக்கப் போன அன்று, கவுன்சலர் ஒரு சலுகை சொன்னார். இணையத்தில் ஐந்து நட்சத்திரமும், முன்-பின் படங்களும் போட்டால், 4,500 ரூபாய் மதிப்புள்ள பி.ஆர்.பி. ஊசி, அதாவது நம் இரத்தத்திலிருந்தே தட்டணுக்களைப் பிரித்து முடி வளரத் தலையில் போடும் ஊசி, ஒன்று இலவசம். நான் படித்து நம்பிய நூற்றுக்கணக்கான ஐந்து நட்சத்திரங்கள் எங்கிருந்து விளைந்தன என்று அப்போது புரிந்தது. மறுத்துவிட்டேன். நிலையத்தின் பெயரை இங்கே எழுதாததற்கும் காரணம் உண்டு: ஒரு பெயரைச் சொன்னால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள், நான் பார்த்த மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை. மதிப்பெண் கேட்பவர்களுக்கு: ஆலோசனைக்கு ஐந்துக்கு ஐந்து, கைவேலைக்கு நாலரை, ஒப்புதல் பெற்ற விதத்துக்கு ஒன்று, பின்கவனிப்புக்கு ஒன்று. பாதுகாப்புக்கு மதிப்பெண் போட முடியவில்லை. எனக்கு எதுவும் ஆகவில்லை, அதனால் அது சோதிக்கப்படவும் இல்லை.

இப்போது சித்தப்பா மகனுக்கு 31 வயது, நெற்றி ஏறிவிட்டது. தனக்கும் விசாரித்துச் சொல்லச் சொன்னான். சென்ற வாரம் ஐந்து நிலையங்களுக்குத் தொலைபேசியில் அழைத்து ஒரே கேள்வியைக் கேட்டேன்: மருத்துவர் மொத்தம் எத்தனை மணி நேரம் அறைக்குள் இருப்பார், அன்று வேறு எத்தனை பேருக்குச் செய்வார்? மூன்று இடங்களில், "டாக்டர் இருப்பார் சார்" என்பதைத் தாண்டி எதுவும் பெயரவில்லை. ஓர் இடத்தில் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். ஐந்தாவது இடத்தில் தொலைபேசியை மருத்துவரே எடுத்தார்; ஒரு நாளைக்கு ஒருவர்தான், எடுப்பதும் கீறுவதும் தன் கைதான், நடும்போது உதவியாளர்கள் உண்டு ஆனால் தான் வெளியே போவதில்லை, கிராஃப்டுக்கு 70 ரூபாய், மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்றார். தம்பிக்கு விலை அதிகமாகப் படுகிறது. மேற்கொண்டு 32 ரூபாய் எதற்கு என்று கேட்கிறான்.